ஏழாவது பாட்டு

அந்த இயர்போன்ல ஒரு பக்கத்த மட்டும் கழட்டுங்கண்ணே. ஒரு காது போதும். இன்னொரு காதுல உங்க பாட்டு ஓடட்டும், நான் போட்டிக்கு வரல. கிடாரு முட்டிய இடிக்குதா? இடிச்சா சொல்லுங்க, இப்படி சாய்ச்சுக்குறேன். கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுங்குறாரு. இது என் பொண்டாட்டி மாதிரி சார், லேடீஸ்னா ஓசிதானேன்னு கேட்டேன். அது டவுன் பஸ்ல, இறங்கிக்கிறியான்னாரு. தஞ்சாவூர்க்காரங்களுக்கு இன்னைக்கு என்னய இறக்கி விடுறதே வேலையாப் போச்சு.

எட்டாம் மதகுன்னு ஒரு பேண்டு கேள்விப்பட்டிருக்கீங்களா? இருக்க மாட்டீங்க. கேள்விப்பட்டவங்க உலகத்துல மொத்தம் அறுபத்திரெண்டு பேரு. அறுபத்திரெண்டு பேரும் ஒரே டெலிகிராம் குரூப்புல இருந்தோம். இப்ப அறுபத்தொண்ணு. என்னயத் தூக்கிட்டாங்க.

இருங்க, முழுசா சொல்றேன். திருச்சி வர்ற வரைக்கும் நேரம் இருக்குல்ல. நீங்க எங்க இறங்கணும்? துவாக்குடியா? அப்ப கொஞ்சம் வேகமா சொல்றேன்.

தஞ்சாவூர்ல இஞ்சினியரிங் படிச்ச நாலு பசங்கண்ணே. ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்குல. கிடாரு ஒருத்தன், பேஸு ஒருத்தன், ட்ரம்ஸு ஸ்டான்லின்னு ஒருத்தரு, பாடுறதுக்கு சவரி. சவரிமுத்து. பாட்ட எழுதுறதும் சவரிதான். சினிமாப் பாட்டு பாட மாட்டாங்க. சொந்தப் பாட்டுதான், தமிழ்ல, ராக்கு. அந்தக் காலத்துல தஞ்சாவூர்ல போயி தமிழ் ராக்கு! மொத்தம் பதினோரு மேடை. ஒரே ஒரு கேசட்டு, முந்நூறு காப்பி போட்டாங்க, அதுல பாதிய அவங்களே ஓசில குடுத்தாங்க. ஆறு பாட்டு. ரெண்டாயிரத்து ஆறுல சவரி செத்துட்டாரு, இருபத்திமூணு வயசு. தூக்கத்துலேயே போயிட்டாரு, நெஞ்சுவலின்னு பேச்சு. மத்தவங்க வேலைக்குப் போயிட்டாங்க. முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு நீங்க நெனைக்குறீங்க. எங்களுக்கு அங்கதான் ஆரம்பம்.

எனக்கு எப்படித் தெரியும்னா, காலேஜ் ரெண்டாவது வருசத்துல, பதினாலு அரியர் வச்சுக்கிட்டு ஹாஸ்டல்ல மல்லாக்கப் படுத்திருக்கேன், எவனோ அனுப்புன பாட்டு ஒண்ணு வந்து விழுந்துச்சு. சவரி குரலு. கரகரன்னு. பாடிக்கிட்டே வந்தவரு நடுவுல டக்குனு நிப்பாட்டுவாருண்ணே. வரி முடியாது, வார்த்தை முடியாது, ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் தொடருவாரு. அந்த இடைவெளில நம்ம நெஞ்சும் நின்னுரும். எங்க ஆளுங்க அதுக்குப் பேரே வச்சிருக்காங்க, 'சவரி பிரேக்கு'. அத வச்சு ஆறு பக்கத்துக்குக் கட்டுரை எழுதுனவன் எல்லாம் இருக்கான். அடுத்த வாரம் நான் காலேஜ விட்டேன். பாட்டுக்காக விட்டேன்னு வெளில சொல்லிக்குவேன். உங்ககிட்ட சொல்றேன், அரியருக்காகத்தான்.

குரூப்புக்குத் தலைவரு வாகீசன் சாரு. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்காரு, கும்பகோணம். எட்டாம் மதகு சம்பந்தமா உலகத்துல என்ன இருந்தாலும் அவருகிட்ட இருக்கும். காரைக்கால் மேடை ரெக்கார்டிங் அவருகிட்ட. மன்னார்குடி ரிகர்சல் அவருகிட்ட. சவரி மைக்க செக் பண்றப்ப ஒண்ணு ரெண்டு மூணு சொன்னது, அதுவும் தனியா ஒரு பைலா வச்சிருக்காரு. ஆனா சும்மா தர மாட்டாரு. குரூப்போட சட்டம் அது. ஒண்ணு குடுத்தாதான் ஒண்ணு. உன்கிட்ட இல்லாதது வேணும்னா, மத்தவன்கிட்ட இல்லாதது உன்கிட்ட இருக்கணும்.

என்கிட்ட என்ன இருக்கு? ஒரு மண்ணும் இல்ல.

"சார், காரைக்கால் ரெக்கார்டிங் அனுப்புங்க சார்"னு கேட்டேன்.

"நீ என்ன தருவ?"

"ஆசீர்வாதம் தர்றேன் சார்."

ஸ்மைலி கூடப் போடல மனுசன். "தம்பி, இது விளையாட்டு இடமில்ல"ன்னு போட்டாரு. அறுபது பேரு அதுக்கு லைக்கு.

சரி, இல்லாததக் குடுக்க முடியாது, நம்ம சொந்தப் பாட்டக் குடுப்போம்னு நான் எழுதி நான் பாடுனது ஒண்ணு போட்டேன். யூடியூப்ல நாப்பத்தோரு பேரு பாத்தது. அதுல முப்பது நான்தான். வாகீசன் சாரு கேட்டுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "தொண்டைல கல்லு கெடக்கு. கேக்குறதோட நிறுத்திக்கிட்டா எல்லாருக்கும் நல்லது." இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்கண்ணே. தொண்டைல கல்லு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கேசட்டுல ஆறு பாட்டுன்னு சொன்னேன்ல? ஏழாவதா ஒண்ணு உண்டு. கும்பகோணத்துல ஒரு காலேஜ் விழால, ரெண்டாயிரத்து நாலுல, ஒரே ஒரு தடவ பாடுனது. ரெக்கார்டிங் கெடையாது. சவரி கையால எழுதுன தாளு மட்டும் அவரு அக்கா ஜெசிந்தாகிட்ட இருந்துச்சு. அவங்க ஸ்கூல் டீச்சர். போட்டோ எடுத்து குரூப்புல போட்டாங்க.

தண்ணி வராத வாய்க்கால்ல
தவள எதுக்குக் கத்துது?
கேக்க ஆளு இல்லாட்டியும்
கத்துறவனுக்குக் கத்தணும்.

இப்படி ஆரம்பிக்கும். மெட்டு யாருக்கும் தெரியாது. அந்த மேடைல வாசிச்சவங்களுக்கே, நேர்ல பாத்தவங்களுக்கே ஞாபகம் இல்ல. வாகீசன் சாரு நாலு வருசமா அந்தக் காலேஜ்ல படிச்சவன், கேன்டீன் வச்சவன், மைக்செட்டுக்காரன்னு வீடு வீடா ஏறி இறங்கிருக்காரு.

நான் அந்தத் தாளையே பாத்துக்கிட்டிருந்தேண்ணே. ஒரு வாரம் பாத்தேன். எட்டாம் நாளு குளிக்கிறப்ப மெட்டு வந்துச்சு. சத்தியமா சொல்றேன், நான் தேடல, அதுவா வந்துச்சு.

அப்புறம் செஞ்சதெல்லாம் நான்தான், அத மறைக்கல. பாத்ரூம்ல உக்காந்து கிடார வாசிச்சுப் பாடுனேன். ட்ரம்ஸுக்குத் தண்ணி பக்கெட்ட கவுத்துப் போட்டுத் தட்டுனேன். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடைல ஒரு டூ-இன்-ஒன் டேப்பு புடிச்சு, 'முப்பது நாளில் இங்கிலீஷ்' கேசட்டு ஒண்ணு கெடந்துச்சு, அது மேலயே ஏத்துனேன். கூட்டத்து சத்தம் எங்க தெரு அம்மன் கோயில் திருவிழால எடுத்தது. எல்லாம் கலந்து, 'இந்தக் கேசட்டு பரண்ல கெடந்துச்சு, மாமா பையன் அந்தக் காலேஜ்ல படிச்சவன்'னு ஒரு கதைய விட்டு, குரூப்புல போட்டேன்.

அப்புறம் வெடிச்சுது பாருங்க!

அழுவுறான் ஒருத்தன். ஆபீஸ்ல லீவு போட்டுட்டேங்குறான் ஒருத்தன். வாகீசன் சாரு வாய்ஸ் மெசேஜு, குரல் தழுதழுக்குது: "இந்தக் கரகரப்பு! இந்தக் கரகரப்புக்கு ஈடு உண்டா? இதுதான்யா சவரியோட உச்சம்." அதே தொண்டைண்ணே. அதே கல்லு. கல்லு சவரி தொண்டைல கெடந்தா வைரம், என் தொண்டைல கெடந்தா ஜல்லி.

சரி, ஏதாச்சும் ஒரு இடத்துல கண்டுபுடிச்சுருவாங்கன்னு பயந்துக்கிட்டு இருக்கேன். பாட்டுக்கு நடுவுல ஒரு விசில் சத்தம் வரும். அது எங்க பக்கத்து வீட்டு குக்கரு. துவரம்பருப்பு. வாகீசன் சாரு அத ஹெட்போன் போட்டுக் கேட்டு, அது ரயிலுன்னுட்டாரு. காலேஜுக்குப் பின்னாடிதான் தண்டவாளமாம். பழைய டைம்டேபிளு எடுத்து, ஆறு நாப்பது பாசஞ்சருன்னு கண்டுபுடிச்சு, அதனால சவரி இந்தப் பாட்டப் பாடுனது சாயங்காலம் சரியா ஆறு நாப்பதுன்னு நேரமும் குறிச்சுட்டாரு. கடைசில பழைய கேசட்டு முழுசா அழியாம ஒரு ஆம்பளக் குரலு லேசா 'ஹவ் டூ யூ டூ'ங்கும். அது பிரின்சிபாலாம்! நான் சிரிச்சு சிரிச்சு வயித்தப் புடிச்சுக்கிட்டேன். காரைக்கால், மன்னார்குடி, ஒண்ணு ரெண்டு மூணு, எல்லாமே என் போனுக்கு வந்து விழுந்துச்சு. கேக்காமலே.

ஒரே ஒரு எடத்துல நான் சவரி மாதிரி செய்யலண்ணே. கடைசி நாலு வரி. அங்க பிரேக்கு போடாம, நாலு வரியையும் ஒரே மூச்சுல இழுத்துட்டேன். ஆசை. பாடுறவனுக்கு ஒரு எடத்துலயாச்சும் தான் தெரியணும்ல? தப்பா?

அதுக்கப்புறம் சவரி நினைவு நாளு வந்துச்சு. தஞ்சாவூர்ல சர்ச்சுக்குப் பக்கத்துல ஒரு ஹாலு, நாப்பது சேரு, மிச்சர், டீ. எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. எதுக்கு? பாடுனதுக்கா? 'கண்டெடுத்த தம்பி'க்கு! மெட்டு போட்டவனுக்கு இல்ல, பரண்ல ஏறுனவனுக்குப் பொன்னாடை. அப்புறம் லைட்ட அணைச்சு என் பாட்டப் போட்டாங்க. என் குரல என் காது முன்னாடியே போட்டு, நாப்பது பேரு கும்புடுறாங்க, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு ஓரமா நிக்குறேன், தோள்ல சால்வையோட.

ட்ரம்ஸ் ஸ்டான்லி வந்திருந்தாரு. கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவரு கேட்டா தெரிஞ்சுரும்ல, மேடைல இருந்த மனுசன்ல? கேட்டு முடிச்சு, கண்ணத் தொடைச்சுட்டு எந்திரிச்சு சொல்றாரு: "அன்னைக்கு என் வலது கைல அடி. அதான் சத்தம் அமுங்குன மாதிரி இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு." அண்ணே, அது பக்கெட்டு! நான் என்ன செய்ய?

எல்லாரும் டீ குடிக்கப் போனப்ப ஜெசிந்தா அக்கா என் பக்கத்துல வந்து நின்னாங்க.

"தம்பி, பாடுனது யாரு?"

"சவரி அண்ணன்தான் அக்கா."

"அவனுக்கு இளைப்பு. வீசிங். சின்னப் புள்ளைலேர்ந்து. ஒரு வரிக்கு மேல அவனுக்கு மூச்சு நிக்காது. நீங்கள்லாம் என்னமோ பிரேக்குங்குறீங்களே, அது அதுதான். செத்ததும் அதுலதான். கூட இருக்குறவன்கிட்ட கூட சொல்ல விட மாட்டான், வெட்கம்." என்னயவே பாத்தாங்க. "நாலு வரிய ஒரே மூச்சுல எம் தம்பி பாட மாட்டான்."

ஒத்துக்கிட்டேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல.

"யாருகிட்டயும் சொல்லிக்காத"ன்னாங்க. "எங்கம்மா அந்தக் கேசட்டக் கேக்கவே கேக்காதுப்பா. போட்டா அதுக்குப் பாட்டு காதுல விழாது, மூச்சு வாங்குறது மட்டும்தான் விழும். எந்திரிச்சுப் போயி அமத்திரும். ஆனா நீ பாடுன இத வாகீசன் சாரு ஒரு மெமரி கார்டுல போட்டுக் குடுத்தாரு. தினம் மூணு தடவ கேக்குது. 'அன்னைக்கு ஒரு நாளு புள்ளைக்கு மூச்சு நல்லா இருந்துருக்குடி, எப்புடிப் பாடுறான் பாரு'ங்குது. அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

சரிக்கான்னேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்றது?

நாலு மாசம் வாயத் தொறக்கலண்ணே. நாலு மாசம்! என் வாய்க்கு அது பெரிய சாதனை. அதுக்குள்ள அந்தப் பாட்ட ஏழெட்டுப் பேரு எடுத்துப் பாடிட்டான். ஒருத்தன் வீணைல வாசிக்குறான். சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தன், 'இப்படி ஒரு மெட்டுப் போட இனிமே ஒருத்தன் பொறக்கணும்'னு எழுதுறான். பொறந்து இருபத்திமூணு வருசமாச்சுடா, திருவெறும்பூர்ல உக்காந்துருக்கேன்!

சரின்னு திரும்ப என் சொந்தப் பாட்டு ஒண்ணு போட்டேன். புதுசு. மனசார செஞ்சது. வாகீசன் சாரு பதில் போட்டாரு. "தம்பி, சவரிய காப்பி அடிக்காதே. கேவலமா இருக்கு."

சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. என்னய நானே காப்பி அடிக்குறேனாம்.

அன்னைக்கே எல்லாத்தையும் எழுதிப் போட்டேன். பாத்ரூம், பக்கெட்டு, குக்கரு, இங்கிலீஷ் கேசட்டு, ஒண்ணு விடல. டூ-இன்-ஒன்ன போட்டோ எடுத்தும் போட்டேன். என்ன நடக்கும்னு நெனச்சேன்? அடேங்கப்பா, உனக்குள்ள இவ்வளவு இருக்கான்னு ஒருத்தனாச்சும் கேப்பான்னு நெனச்சேன்.

"ஆறு நாப்பது பாசஞ்சருக்கு என்ன பதிலு?"ன்னு கேக்குறாரு வாகீசன் சாரு.

"அது குக்கரு சார்!"

"குக்கருக்கும் ரயிலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? முப்பது வருசமா அந்த லைன்ல போய்ட்டு வர்றேன்."

ஸ்டான்லி அண்ணன் வேற: "நான் மேடைல இருந்தேன் தம்பி. நீ அப்ப எங்க இருந்த?" தொட்டில்ல இருந்தேன், வேற எங்க இருப்பேன்? செத்த மனுசன் பேரத் திருடுறான்னு ஒருத்தன். பைத்தியம்னு ஒருத்தன். சால்வைய திருப்பி அனுப்புன்னு ஒருத்தன். பத்து நிமிசத்துல வெளிய. நான் பொய் சொன்னப்ப பொன்னாடை, நிஜத்தச் சொன்னதும் கழுத்தப் புடிச்சு வெளிய. இது என்ன ஊருண்ணே?

ஜெசிந்தா அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்"னேன். "சொல்லாதன்னு சொன்னேன்ல தம்பி, நான் சொல்ல மாட்டேன்"னு வச்சுட்டாங்க. சரி, அந்த வீட்டுல இன்னொரு ஆளு இருக்காங்கல்ல? சவரியப் பெத்தவங்க. அவங்க சொன்னா வாகீசன் சாரு இல்ல, அந்த ரயிலே வந்து மன்னிப்பு கேக்கணும்ல?

அதான் இன்னைக்கு வந்தேன். ஸ்கூல் நேரமா பாத்துத்தான் வந்தேன். அக்காவோட எதுக்கு வீண் சண்டைன்னு.

கரந்தைக்கு அந்தாண்ட சின்ன ஓட்டு வீடு. சலேத்மேரின்னு பேரு அந்தம்மாவுக்கு. எழுபது இருக்கும், கண்ணுல புரை, ஆள நெழலாத்தான் தெரியும். கட்டில்ல உக்காந்திருந்தாங்க, மடில ஒரு சின்ன ஸ்பீக்கரு பொட்டி, கார்டு சொருவிப் பாட்டு கேப்பாங்களே, அது. 'சவரியோட பாட்டுன்னா எனக்கு உசுரும்மா'ன்னேன். "வாய்யா, உக்காரு, வெயில்ல வந்துருக்க"ன்னாங்க. அவங்களே தட்டுத் தடவி எந்திரிச்சு பானைலேர்ந்து தண்ணி மோந்து குடுத்தாங்க.

"இத கேட்டியாய்யா நீ?"ன்னு பொட்டியத் தட்டுனாங்க. "கடைசில வரும் பாரு. மூச்சே வாங்க மாட்டான்."

நான் ஒண்ணும் பேசலண்ணே. பேசுனா யாரும் நம்ப மாட்டேங்குறாங்கல்ல. கிடார எடுத்தேன், பாடுனேன். முழுசா. கடைசி நாலு வரி வந்துச்சு. வாழ்க்கைல அப்படி நான் பாடுனதில்ல. ஒரே மூச்சு. பாத்ரூம்ல பாடுனத விட பத்து மடங்கு. முடிச்சுட்டு அவங்க மூஞ்சியப் பாத்தேன். வீடியோ எடுக்கணும்னுதான் போனேன், சாட்சிக்கு. போன எடுக்கவே தோணல.

பாடுறப்ப கைய நீட்டுனாங்க, தொடப்போற மாதிரி. முடிஞ்சதும் கைய எடுத்துக்கிட்டாங்க.

"நீதானாய்யா?"

"நான்தாம்மா."

"கும்பகோணத்துல பாடுனது?"

"கும்பகோணமே இல்லம்மா. எங்க வீட்டு பாத்ரூம்ல எடுத்தது."

உடனே நம்பிட்டாங்கண்ணே! டைம்டேபிளு கேக்கல, சாட்சி கேக்கல, ஒண்ணும் கேக்கல. அறுபது மேதாவிங்க நம்பாதத ஒத்த ஆளு, கண்ணு தெரியாதவங்க, ஒரு நிமிசத்துல நம்பிட்டாங்க. எனக்கு அப்படியே ஒடம்பு சிலுத்துருச்சு.

அப்புறம் சொன்னாங்க, என்னயப் பாத்து இல்ல, வாசப்பக்கம் பாத்து: "அப்ப அன்னைக்கும் அவனுக்கு இளைப்புதான்."

எனக்கு எப்படிண்ணே தெரியும்? ரெண்டாயிரத்து நாலுல எனக்கு ரெண்டு வயசு.

பொட்டிய எடுத்து முந்தானையால தொடைச்சாங்க. அந்தக் கார்ட நகத்தால நெம்பி நெம்பி எடுத்தாங்க. புரை விழுந்த கண்ணுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. நான் எடுத்துத் தரவாம்மான்னேன், வேணாம்னாங்க. எடுத்து என் உள்ளங்கைல வச்சு, விரல மடக்கி விட்டாங்க. "உன்னுதுய்யா"ன்னாங்க. அவ்வளவுதான். கட்டில்ல செவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாங்க.

நான் உடனே கெளம்பல. கிடார மடில வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும். "பாட்டு எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கூட கேட்டேன். வாய விட்டே கேட்டேண்ணே. நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்தை. அதுக்கென்ன, வாய் வலிக்குமா? திரும்பவே இல்ல.

துவாக்குடி வந்துருச்சா? இருங்க, கிடார நவுத்துறேன், பாத்து எந்திரிங்க. என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? நான் நிஜத்தத்தானே சொன்னேன்?